அதே பெயரில் மூன்றாவது புயல்

சமையலறையின் பின்சுவரில் ஈரம் கண்டிருந்தது. சுவர் முழுக்க அல்ல. முன்பு பின்கதவு இருந்த இடத்தில் மட்டும், ஓர் ஆள் உயரத்துக்கு, ஒரு கதவு அகலத்துக்கு. அந்தக் கதவைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, வெள்ளையடித்து ஆறு வருஷம் ஆகிறது. எத்தனையோ மழைக்கு அசையாத சுவர். இன்றைக்கோ மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வெளியே ஓர் இலைகூட ஆடாமல் ஊரே புழுங்கிக்கொண்டிருந்தது.

டெய்லரக்கா ஒரு வெட்டுத்துணியை எடுத்துத் துடைத்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்காதான். பல்லுப்போன கிழவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துடைத்த இடம் காய்ந்தது. அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் அதே ஈரம், அதே அளவு. மேஸ்திரி சிமென்டில் கை வைத்துவிட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஈர விரலை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்திருக்காவிட்டால் அந்தத் தேறுதல் கொஞ்ச நேரமாவது நின்றிருக்கும். உப்புக் கரித்தது. கடல் அங்கிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கிறது.

அப்போதுதான் போன் அடித்தது. கொழுந்தன். வானிலை அலுவலகத்தில் புயல் சேதக் கணக்குகளைத் தொகுக்கிற வேலை அவனுக்கு. அவன் தெருவுக்குள் நுழைந்தாலே, "வானிலை வந்தாச்சு, துணியை எடுங்கப்பா" என்று கிண்டல் செய்வார்கள்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

ஆபீஸ் நேரத்தில் அவன் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

"விஷயத்தைச் சொல்லுங்க தம்பி."

"காலையில இருந்த காற்றழுத்தத் தாழ்வு புயலாயிடுச்சு. பேர் வச்சுட்டாங்க."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"அதுவா?"

"அதேதான் அண்ணி. வரிசைப்படி அதுதான் வரணும். பயப்படாதீங்க, நம்ம பக்கம் வராது. வடக்கே ஒதுங்கிப் போயிடும்."

புயலுக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல வீட்டார் கூடிப் பேசி முடிவெடுக்கிற காரியம் அல்ல. பட்டியல் ஒன்று முன்கூட்டியே தயாராக இருக்கிறது. முதல் புயலுக்கு முதல் பெயர், அடுத்ததற்கு அடுத்த பெயர். சில வருஷம் கழித்து அதே பட்டியல் திரும்ப வரும். அதனால் ஒரே பெயரில் பல புயல்கள் உண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கொழுந்தன் சொல்வான். ஆளைக் கொன்ற புயலின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை. யாரையும் கொல்லாத புயலின் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. அது வரிசையில் போய் நின்றுகொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும்.

அந்தப் பெயரை நாமும் இங்கே சொல்ல வேண்டாம். ஒரு பெண்பிள்ளையின் பெயர். கேட்டால், முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிற பிள்ளையின் ஞாபகம் வரும். டெய்லரக்கா வீட்டில் அதற்கு 'அது' என்றுதான் பெயர்.

முதல் தடவை அது வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து பேயாட்டம் ஆடிய காற்று சாயங்காலம் சட்டென்று நின்றது. புயலின் கண் என்று ஒன்று உண்டு. சுற்றிலும் ஊரையே புரட்டிப் போடும், நடுமையத்தில் மட்டும் ஒரு சலனமும் இருக்காது. அது தலைக்கு மேல் வந்து நிற்கும்போது புயல் ஓய்ந்துவிட்டதென்று நினைத்து ஆட்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல. தம்பி வானிலையில் இருக்கிறவன். ஆனாலும் மனுஷனுக்குத் தண்ணீர்த் தொட்டியின் மூடி தோட்டத்தில் கிடந்தது பொறுக்கவில்லை.

"மழை விட்டுருச்சு பாரு" என்றான். பின்கதவைத் திறந்தான். "டேங்க் மூடியை எடுத்துட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன். டார்ச்சை இப்படிக் காட்டு. சரி, போதும். கதவைச் சாத்திக்க, கொசு வரும்."

"சீக்கிரம் வாங்க" என்றாள் அவள். வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பது அன்றைக்குக் காலையில்தான் அவளுக்கு உறுதியாகியிருந்தது. புயல் முடிந்ததும் நிதானமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக் கோடியிலிருந்து அவன் குரல் இன்னொரு தடவை கேட்டது. "யாரது?" என்றது. அதட்டலாக இல்லை. ஆச்சரியமாக. அடுத்த கணம் எதிர்ப்பக்கத்துக் காற்று வந்து வீட்டில் மோதியது. அதற்கப்புறம் அவன் பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. மறுநாள் தேடினார்கள். டேங்க் மூடி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவனைக் காணவில்லை.

அந்த "யாரது" பற்றி அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துக் கொழுந்தன் வந்து, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தான். "அண்ணி, கணக்கை முடிக்கணும். இந்தப் புயல்ல வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. அண்ணன் ஒருத்தர்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா உயிர்ச்சேதம் ஒண்ணுன்னு போட்டுடுவேன். பேரையும் எடுத்துடுவாங்க."

"உங்க அண்ணன் காணாமப் போயிருக்கார். சாகல."

"அண்ணி..."

"நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அப்படி எழுதக் கூடாது."

அண்ணி பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. 'உயிர்ச்சேதம் இல்லை' என்று கணக்கை முடித்தான். பெயர் திரும்பப் போய் வரிசையில் நின்றுகொண்டது.

இரண்டாம் தடவை அது ஊரைத் தொடாமல் கடலோடு போய்விட்டது. ஒரு சாயங்காலம் முழுக்கச் சாரலும் காற்றும், அவ்வளவுதான். மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் வாலு என்று பெயர். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அன்று பின்கதவில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு சிலையாக நின்றாள்.

"என்னடி கேக்குற அங்க?"

"யாரோ யாரதுன்னு கேக்கிறாங்கம்மா. நான்தான்னு சொல்லட்டுமா?"

டெய்லரக்கா அவளைக் கதவிலிருந்து இழுத்துத் தூக்கிக்கொண்டாள். மறுவாரமே மேஸ்திரியைக் கூட்டிவந்தாள். எலித் தொல்லை என்று சொல்லிவைத்தாள். "கதவை அடைச்சா எலிக்கு வேற வழி கிடைச்சுரும்க்கா, உங்களுக்குத்தான் கிடைக்காது" என்று அவன் சிரித்துக்கொண்டே வேலையை முடித்தான். கழற்றிய கதவை அவனுக்கே கொடுத்துவிட்டாள்.

இப்போது வாலுவுக்குப் பதினொரு வயது. வாய் மட்டும் முப்பது வயதுக்கு வளர்ந்திருந்தது. பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுவிட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொண்டி போட, இவள் பின்னாலேயே மெழுகுவத்தியும் கையுமாக அலைந்தாள்.

"அப்பா போன அன்னைக்கு வந்ததும் இதே பேருதானேம்மா?"

"பேர் ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணாயிடுமா?"

"எங்க கிளாஸ்ல ஒரே பேர்ல மூணு பேர் இருக்காங்க. ஒருத்தி பேசினா மூணு பேருக்கும் திட்டு விழும்."

"வாயை மூடிட்டு அந்த டார்ச்சை எடு."

டார்ச்சை எடுத்தவள் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அப்பா நேர்ல வந்தா எனக்கு அடையாளம் தெரியும். போட்டோ பாத்திருக்கேன். அவருக்குத்தான் என்னை யாருன்னே தெரியாது, இல்ல?"

டெய்லரக்கா கொண்டியைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். இந்த ஒரு பிள்ளைதான் அவளுக்கு. ராத்திரி பகலாக மிதித்த தையல் மிஷின், கட்டிய வாய், கேட்காமல் விட்ட வம்பு எல்லாம் இதற்காகத்தான். இன்றைய பொழுது இவளைக் கைக்குள் வைத்துக் கடத்திவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. முதலில் வந்தது சத்தமல்ல, வாசனை. நனைந்த மண்ணும் அழுகின பாசியும் கலந்து, சாத்திய ஜன்னல் இடுக்கில் எல்லாம் நுழைந்து, தையல் மிஷின் எண்ணெய் வாசனையைக்கூட அமுக்கிக்கொண்டு வீட்டுக்குள் பரவியது. அப்புறம் காற்று, எங்கோ தூரத்தில் லாரி ஏற்றம் ஏறுவதுபோல ஆரம்பித்து, தெருக்கோடிக்கு வந்து, மின்கம்பிகளை ஊதலாக ஊதி, கூரை ஓடுகளைத் தடவிப் பார்த்து, கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, எந்தக் கதவும் திறக்கவில்லை என்று தெரிந்ததும் வீட்டையே பிடித்து உலுக்கியது. கரண்ட் போனது. டெய்லரக்கா வாலுவை இழுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓடுகிற ஒடுக்கமான நடை. ஜன்னல் கிடையாது, மேலே கான்கிரீட். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான். மெழுகுவத்தி நிற்கவே இல்லை. ஏற்ற ஏற்ற, யாரோ பக்கத்தில் குனிந்து ஊதினாற்போல அணைந்தது.

"டார்ச்சை அணைச்சு வை. பேட்டரி போயிடும்."

இருட்டில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னக் கை, சூடான கை, இங்க் கறை பிசுபிசுக்கிற கை. எங்கேயோ தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு தெரு நெடுக உருண்டு போனது. பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. வாலு முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் விளக்கம் தீர்ந்துபோய் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வடக்கே போகும் என்றானே, வடக்கே போகும் என்றானே என்று டெய்லரக்கா மனதுக்குள் கொழுந்தனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு, காற்று நின்றது.

குறையவில்லை. குழாயை மூடினதுபோல நின்றது. மழையும் இல்லை. வாசலில் எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. வாலு தலையைத் தூக்கினாள்.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"இல்ல. பேசாதே."

கண் வந்துவிட்டது. அவர்கள் வீட்டுக்கு மேலேயே.

டொக். டொக்.

சமையலறைப் பக்கம். பின்சுவரில் தட்டுகிற சத்தம். செங்கல்லில் தட்டினால் இப்படிக் கேட்காது. இது பலகை. அவள் கழற்றிக் கொடுத்துவிட்ட பழைய கதவின் பலகை.

"மழை விட்டுருச்சு பாரு" என்றது ஒரு குரல்.

பன்னிரண்டு வருஷமாக அவள் கனவில்கூட இத்தனை துல்லியமாகக் கேட்காத குரல். அந்த லேசான கரகரப்பு, முடிவில் ஒரு செல்ல இழுப்பு. அவள் உடம்பு தன்னால் எழப் பார்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்த ஒரு கணம் அவளுக்குப் பயமே இல்லை, ஆசைதான் இருந்தது.

"அம்மா, அப்பா." வாலு கிசுகிசுத்தாள்.

"டேங்க் மூடியை எடுத்துட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

ஆசை அப்படியே உறைந்தது.

"நீங்க யாரு?" டெய்லரக்கா இருட்டைப் பார்த்துக் கேட்டாள். "என்ன வேணும் உங்களுக்கு?"

"டார்ச்சை இப்படிக் காட்டு. சரி, போதும்."

"சொல்லுங்க. யாரு?"

"கதவைச் சாத்திக்க, கொசு வரும்."

அப்புறம், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, இளசான ஒரு பெண்குரல் சொன்னது: "சீக்கிரம் வாங்க."

அவளுடைய குரல். அன்றைக்கு இருந்த அவள்.

டெய்லரக்கா மகளின் தலையை மார்போடு அழுத்திக்கொண்டாள். "அது அப்பா இல்லடி. கேட்டியா? அன்னைக்குப் பேசினதையே பேசுது. அதைத் தவிர அதுக்கு ஒரு வார்த்தை தெரியாது. பதில் சொல்லாதே. என்ன கேட்டாலும் பதில் சொல்லாதே."

"அப்பா அழுவுறாராம்மா?"

"இல்ல. நீ காதைப் பொத்திக்க."

முன்னறையில் போன் அதிர்ந்தது. தையல் மிஷின் மேல் வைத்திருந்தாள். வீட்டிலேயே அங்கேதான் சிக்னல் ஒழுங்காக வரும். இந்த நேரத்தில் வருகிற அழைப்பு ஒருவனுடையதாகத்தான் இருக்க முடியும். அவனிடம் சொல்ல வேண்டிய ஒன்றும் இருந்தது. அதை நினைத்ததும் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது இந்தப் புத்தி?

"நான் போய் சித்தப்பாகிட்ட பேசிட்டு உடனே வந்துடறேன். இங்கேயே உக்காந்திரு. எழுந்திருக்கக் கூடாது."

"சரிம்மா."

கையை விட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள்.

"அண்ணி!" கொழுந்தன் கத்தினான். "திரும்பிடுச்சு அண்ணி, நாங்க யாருமே எதிர்பார்க்கல. கண் உங்க தலைக்கு மேல நிக்குது. வெளிய வந்துடாதீங்க."

"எழுதுங்க தம்பி."

"என்னது?"

"உங்க அண்ணன் செத்துட்டார்னு எழுதுங்க. அன்னைக்கே செத்துட்டார். இந்தப் பேர்ல வந்த புயல்ல." சொல்லச் சொல்ல அழுகை வந்தது. "நான்தான் முடியாதுன்னேன். என் தப்புதான். அதனாலதான் திரும்பத் திரும்ப வருது. பேரை அடிங்க."

"இப்பவா அண்ணி?"

"இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவதும், விசைப்பலகை தட்டுவதும் கேட்டது. இங்கே சமையலறையில் தட்டுவது நின்றிருந்தது. நிஜமாகவே நின்றிருந்தது. நடையில் ஒரு குளிர்ந்த காற்று மெல்ல ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. நனைந்த செடிகளின் வாசனை. ஜன்னல் ஏதாவது விட்டுக்கொண்டிருக்கும்.

"எழுதிட்டேன் அண்ணி. மேலேயும் அனுப்பியாச்சு. அடுத்த கூட்டத்துல எடுத்துடுவாங்க. இனிமே அந்தப் பேர் வராது."

பன்னிரண்டு வருஷமாகச் சுமந்த ஒரு பாரம் அவள் தோளிலிருந்து இறங்கியது. செத்துட்டார் என்பது இவ்வளவு சின்னச் சொல்தானா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டு, திரும்ப நடைக்கு வந்து பழைய இடத்தில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். உட்காரக் காத்திருந்ததுபோல, இருட்டிலிருந்து கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"முடிஞ்சிருச்சுடி தங்கம். இனிமே வராது."

பதில் இல்லை. அம்மா சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், அதிசயம்தான். கை சில்லிட்டிருந்தது. பிள்ளை பயந்துபோயிருக்கிறாள்.

தோட்டத்துக் கோடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"யாரது?"

"பயப்படாதே" என்றாள் டெய்லரக்கா. "அவ்வளவுதான். இதுக்கு மேல அதுக்குப் பேச்சு கிடையாது."

அன்றைக்கு இதற்கு மேல் அவள் கேட்டதில்லை. அன்றைக்குக் காற்று வந்துவிட்டது. இன்றைக்குக் காற்று இன்னும் வரவில்லை.

"பாப்பா?" என்றது குரல், அதே ஆச்சரியத்தோடு. "யாரும்மா நீ? இங்க எப்படி வந்த?"

சொட்டுகிற தண்ணீர். வேறு சத்தமில்லை.

"நான்தான்பா" என்றது ஒரு சின்னக் குரல்.

டெய்லரக்காவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அந்தக் குரல் அன்றைக்குப் பேசியிருக்க முடியாது. அன்றைக்கு அந்தக் குரல் பிறக்கவே இல்லை. தோட்டத்துக் கோடியில் நின்றுகொண்டு, தன்னை அப்பாவுக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்த குரல். அன்றைக்கு அவன் தோட்டத்தில் பார்த்து "யாரது" என்று கேட்டது இவளைத்தான்.

"வாலு" என்றாள் பக்கத்து இருட்டைப் பார்த்து.

இருட்டு பேசவில்லை. கை மட்டும் அவள் கையை இறுக்கியது. அப்போதுதான் கவனித்தாள். அவள் அந்தக் கையைப் பிடித்திருக்கவில்லை. அவள் கை முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது. விரல் இடுக்கில் எல்லாம் தண்ணீர். தண்ணீர் வழிந்து முழங்கை வரை வந்திருந்தது. கணவனின் கையும் இல்லை. அவன் கையை அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். எழ முடியவில்லை. இழுத்தாள். கை தளரவும் இல்லை, இன்னும் இறுக்கவும் இல்லை. பிடித்தபடி இருந்தது.

"அம்மா!" பின்சுவருக்கு அந்தப் பக்கம். "அம்மா, டார்ச் அணைஞ்சுபோச்சு."

"வாசல் பக்கமா ஓடி வா! வீட்டைச் சுத்தி ஓடி வாடி!"

"வாசல் இல்லம்மா. இங்க வேற ஒண்ணுமே இல்ல. கதவு எங்கம்மா? அது வழியாத்தான் வந்தேன், இப்பக் கதவையே காணோம். வெறும் சுவரா இருக்கு."

தட்டினாள். இப்போது பலகைச் சத்தம் இல்லை. செங்கல்லில் ஒரு சின்னக் கை அடிக்கிற சத்தம். மொத்து. மொத்து. மொத்து.

எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று புறப்பட்டுவிட்டது. தூரத்தில், ஏற்றம் ஏறுகிற லாரி மாதிரி.

டெய்லரக்கா கத்தினாள். காலால் உதைத்தாள். அந்தக் கையைக் கடித்தாள். வாய் நிறைய உப்புத் தண்ணீர் வந்தது. மடியில் போன் இன்னும் உயிரோடிருந்தது. கொழுந்தன் அழுகையும் சிரிப்புமாக அதற்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். "நிம்மதியா இருங்க அண்ணி. பேர் போயாச்சு. இனிமே அது வராது."

போனால்தானே வருவதற்கு.

காற்று வந்து வீட்டில் மோதியது. அம்மா என்ற குரல் சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டது. பிறகு கூரை உயரத்திலிருந்து. பிறகு அதற்கும் மேலே, வெகு மேலே, கடல் இருக்கிற திசையில். இந்தப் பெயரில் இனி ஒரு புயல் கிடையாது. இந்தக் கண் இனி ஒருநாளும் இந்த வீட்டுக்கு மேல் வந்து நிற்காது. வாலு திரும்பி வர ஒரு வழியும் இல்லை. இருட்டில், டெய்லரக்காவின் பக்கத்தில், அவள் தோளோடு தோள் உரச நெருங்கி உட்கார்ந்துகொண்டு, அந்த ஈரக் கை அவள் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.